முட்டாள்கள் தினத்துக்கு முந்தின நாள் பிறந்த நோய்

மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் இருக்கும் மணல்மேட்டில் சாயங்காலம் ஏறி நின்றால், கடலுக்கு முன்பே கண்ணில் படுவது நீட்டிய கைகள்தான். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் கருமேனி ஆறு கடலைத் தொடும் கழிமுகம், நடுவில் மேடு. வெயில் சாயும் நேரத்தில் செல்போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் நன்றாகவே விழும். மணிரத்னம் 'கடல்' எடுக்க இந்த ஊரைத் தேடி வந்ததில் வியப்பில்லை.

போன முறை போயிருந்தபோது மேட்டின் விளிம்பில் ஒரு பெண்பிள்ளை, பத்தாவது படிக்கிற வயது, முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த தகப்பனாருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி, போதும் வா. ஒரு நாளைக்கு மூணுக்கு மேல எடுத்தா அது வியாதின்னு அமெரிக்காவுல பெரிய டாக்டர்மாரெல்லாம் கூடி முடிவு பண்ணிருக்காவ. பேப்பர்லயே போட்டுட்டான்."

"இது ரெண்டாவதுதாம்ப்பா" என்றாள். பொய். நானே ஏழு வரை எண்ணியிருந்தேன்.

தகப்பனார் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, அப்படி வந்துதா இல்லையா?"

வந்தது. பேப்பரில் வந்தது உண்மை. அதனால் தலையை ஆட்டி வைத்தேன். ஆனால் அந்த 'மூணு' எந்தத் தேதியில், எப்படிப் பிறந்தது என்பது எனக்குத் தெரியும். எந்த டாக்டரும் கூடி முடிவு செய்த எண் இல்லை அது. ஊரைச் சிரிக்க வைக்க ஒருவர் எழுதிய நையாண்டி. அது செய்தியாகி, செய்தி நோயாகி, கடைசியில் நம் மதுரையில் ஆய்வுக் கட்டுரையாகவே குடியேறிய கதையை அந்த மேட்டில், அந்தக் காற்றில், ஒரு தகப்பனாரிடம் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே சொல்கிறேன்.

செல்ஃபி என்ற சொல்லுக்கே பிறந்த தேதி உண்டு: 2002 செப்டம்பர் 13. ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் நண்பரின் 21-வது பிறந்தநாளில் குடித்துவிட்டுத் தடுக்கி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டார். கிழிந்த உதட்டைத் தானே படம் பிடித்து இணையத்தில் போட்டவர், படம் தெளிவாக இல்லாததற்கு மன்னிப்புக் கேட்கும்போது, அது ஒரு 'செல்ஃபி' என்று எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் தேடிப் பிடித்த மிகப் பழைய பதிவு அதுதான். 2013-ல் அவர்கள் அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். தமிழில் தாமி, சுயமி, தம்படம் என்று ஆளுக்கொரு சொல்லைச் செய்து வைத்தோம். மணப்பாட்டு மேட்டில் யாரும் 'வா, ஒரு தம்படம் எடுப்போம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அதே 2013 மே மாதத்தில் இன்னொரு புத்தகம் வந்தது. மனநோய்களை வகைப்படுத்தி, எந்த நோய்க்கு என்னென்ன அறிகுறி என்று வரையறுத்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு. டி.எஸ்.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நான்காம் பதிப்பு 1994-ல் வந்தது. ஐந்தாவதுக்கு 19 வருடம் பிடித்தது. ஒரு நோயைச் சேர்ப்பதா, நீக்குவதா என்று குழு குழுவாக உட்கார்ந்து வருடக்கணக்கில் வாதாடி, கடைசியில் அதிலும் பாதிப் பேருக்குத் திருப்தியில்லாமல் வரும் புத்தகம் அது. உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேச்சு. மனநோய்ப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, நாளைக்குக் கோபம் வந்தாலும் நோய் என்பார்கள் என்ற கிண்டலும் கூடவே. நையாண்டி எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் வாய்க்காது.

2014 மார்ச் 31 அன்று 'அடோபோ க்ரானிக்கிள்ஸ்' என்ற நையாண்டித் தளம் ஒரு செய்தி போட்டது. அடோபோ என்பது பிலிப்பைன்ஸ்காரர்களின் வீட்டுச் சமையல், வினிகரும் சோயாவும் ஊற்றி வேகவைக்கும் கறி. தளத்தின் பெயரிலேயே சமையல் வாசனை அடிக்கிறது. தன்னைப் பற்றி அது சொல்லிக்கொள்வதும் அப்படித்தான்: பொய்களைத் தவிர மற்றதெல்லாம் உண்மை என்கிற பாணி. செய்தி இதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் இயக்குநர் குழு சிகாகோவில் கூடி, செல்ஃபி எடுப்பது மனக்கோளாறு என்று அதிகாரபூர்வமாக முடிவு செய்துவிட்டது. பெயர் செல்ஃபைடிஸ். தன்மதிப்புக் குறைவை ஈடுகட்டவும், நெருக்கமான உறவு இல்லாத வெற்றிடத்தை நிரப்பவும் தன்னைத் தானே படமெடுத்து ஊருக்குக் காட்டத் துடிப்பது.

அதில் மூன்று நிலை. ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று படம் எடுத்து, எதையும் வெளியிடாமல் வைத்துக்கொண்டால் எல்லைக்கோட்டு நிலை. மூன்று எடுத்து மூன்றையும் வெளியிட்டால் தீவிர நிலை. இரவு பகல் பாராமல் எடுத்து, நாளைக்கு ஆறு முறைக்கு மேல் வெளியிட்டால் நாள்பட்ட நிலை. பூரண குணம் கிடையாது. பேச்சு வழிச் சிகிச்சையால் தற்காலிக நிவாரணம் உண்டு. அந்தச் செலவை ஒபாமாவின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொள்ளும் என்பது ஒரு நற்செய்தி.

பெயரைப் பாருங்கள். ஆங்கில மருத்துவத்தில் 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. டான்சிலைடிஸ் என்றால் தொண்டைச் சதை வீங்கியிருக்கிறது, ஆர்த்ரைடிஸ் என்றால் மூட்டு வீங்கியிருக்கிறது. அந்தக் கணக்கில் செல்ஃபைடிஸ் என்றால் வீங்கியிருப்பது 'தான்'. எழுதியவர் கைகாரர். கையேட்டின் நடையை அவர் நன்றாகப் படித்திருக்கிறார். வரையறை, அளவு, நிலை, சிகிச்சை என்று வரிசை பிசகாமல் வருகிறது. காப்பீட்டு வரி வரை படித்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள்?

தேதியும் உதவி செய்தது. மறுநாள் வந்திருந்தால் ஏப்ரல் 1 என்று ஒருவராவது சந்தேகப்பட்டிருப்பார். ஒரு நாள் முன்னால் வந்ததால் அந்தத் தடையும் இல்லை. சில நாட்களில் பல நாட்டுச் செய்தித் தளங்கள் அதை எடுத்துப் போட்டன. இந்தியாவிலும் போட்டார்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் போட, அவரைப் பார்த்து மூன்றாமவர் போட, நையாண்டித் தளத்தின் பெயர் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது. 'அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம்' என்ற பெயர் மட்டும் உதிரவில்லை. இது வெறும் கேலி என்று விளக்கங்களும் சீக்கிரமே வந்தன. விளக்கத்துக்கு யார் கால் கொடுப்பது? கேலி வாட்ஸ்அப்பில் ஏறி, திருமண வீட்டில் இறங்கி, பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் வாயில் புகுந்து, மணப்பாடு வரை நடந்து வந்துவிட்டது.

சங்கத்துக்கு ஒரு தொலைபேசி போதும், பொய் தெரிந்திருக்கும். ஆனால் சோம்பலை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. செய்தி நம் மனசுக்குள் ஏற்கெனவே இருந்த தீர்ப்புக்கு முத்திரை குத்திக் கொடுத்தது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு பெரியவருக்கும் அமெரிக்க டாக்டர் ஒருவர் துணைக்கு வந்தார். அந்தத் துணையைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசை வருவதில்லை. என் வீட்டிலும் நான் இதை ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறேன், அது கேலி என்று தெரிந்த பிறகு.

கேலியாகப் பிறந்த இந்த நோய்க்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1995-ல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், டி.எஸ்.எம். நான்காம் பதிப்பின் விறைப்பான நடையைக் கேலி செய்ய 'இணைய அடிமைக் கோளாறு' என்று ஒரு நோயை உருவாக்கி, தன் சகாக்கள் பார்க்கும் இடத்தில் போட்டு வைத்தார். அறிகுறிகளில் ஒன்று, இணையத்தைப் பற்றிக் கனவு காண்பது. இன்னொன்று, தெரிந்தோ தெரியாமலோ விரல்கள் தட்டச்சு செய்வதுபோல் அசைந்துகொண்டே இருப்பது. டாக்டர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். பலர், 'எனக்கும் இது இருக்கிறது, உதவுங்கள்' என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் இணைய அடிமைத்தனத்தைப் புதிய நோயாகக் காட்டும் ஆய்வை டொரான்டோ மாநாட்டில் வாசித்தார். கோல்ட்பர்கைக் கேட்டால், அப்படி ஒரு தனி நோய் இருப்பதாகவே அவர் நம்பவில்லை.

இதில் யார் வென்றார்கள் என்று சொல்வது கடினம். இரவு முழுக்கத் திரையை விட்டு எழ முடியாத பிள்ளைகள் உண்மையில் இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-லேயே அதற்கென ஒரு சிகிச்சைப் பிரிவு திறந்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-வது திருத்தத்தில் வீடியோ விளையாட்டுக் கோளாறைச் சேர்த்தது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. கோல்ட்பர்கின் கேலிக்கு அடியில் நிஜ வலி ஒன்று இருந்தது. அதைப் பிரித்தெடுத்துச் சலித்துப் பார்க்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

செல்ஃபைடிஸுக்கு அவ்வளவு பொறுமை வாய்க்கவில்லை. மூன்றரை வருடம்தான். மணப்பாட்டில் பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடக்கூடிய மதுரையில், தியாகராசர் மேலாண்மைக் கல்லூரியின் ஜனார்த்தனன் பாலகிருஷ்ணனும், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் கிரிஃபித்ஸும் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கிரிஃபித்ஸ், சூதாட்டம் முதல் விளையாட்டு வரை பல பழக்க அடிமைத்தனங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். மனநலமும் அடிமைப் பழக்கமும் பற்றிய சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் 2017 நவம்பர் இறுதியில் அது வெளிவந்தது. இந்தியாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது: ஃபேஸ்புக்கில் மிக அதிகமான ஆட்கள், செல்ஃபி எடுக்கப்போய்ச் செத்தவர்களிலும் மிக அதிகமான ஆட்கள்.

அந்த இரண்டாவது காரணம் விளையாட்டில்லை. 2014 மார்ச் முதல் 2016 செப்டம்பர் வரை உலகில் செல்ஃபி எடுக்கும்போது நேர்ந்த 127 சாவுகளை, பொன்னுரங்கம் குமரகுருவும் இருந்த ஒரு ஆய்வுக் குழு கணக்கெடுத்தது. 76 பேர் இந்தியாவில். தண்டவாளம், அணை, பாறை விளிம்பு, படகு. கேலிச் செய்தி பிறந்த அதே மார்ச்சில்தான் அந்தக் கணக்கும் தொடங்குகிறது. அந்தப் பெண்பிள்ளையின் தகப்பனார் 'விளிம்பில் நிற்காதே' என்று சொல்லியிருந்தால் 76 பேரின் சாட்சியம் அவர் பக்கம் இருந்திருக்கும். அவர் சொன்னது 'மூணுக்கு மேல் எடுக்காதே'.

மதுரைக் கட்டுரைக்கு வருகிறேன். 225 மாணவர்களை உட்காரவைத்து, ஏன் எடுக்கிறீர்கள் என்று பேசவிட்டார்கள். பிறகு 400 பேரிடம் சோதித்து 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலைச் செய்தார்கள். மற்றவரோடு போட்டி, கவனம் தேடல், மனநிலையை மாற்றிக்கொள்ளல், தன்னம்பிக்கை, கூட்டத்தோடு ஒத்துப்போதல், சூழலை இன்னும் அழகாக்கிக் காட்டல் என்று ஆறு தூண்டுதல்கள் கிடைத்தன. இதில் தவறு ஒன்றும் இல்லை. மனிதர்கள் ஏன் தங்கள் முகத்தை இவ்வளவு பார்த்துக்கொள்கிறார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். பழைய செய்தி பொய் என்பதையும் ஆசிரியர்கள் மறைக்கவில்லை. செய்தி பொய் என்பதால் அப்படியொரு கோளாறே இல்லை என்று ஆகிவிடாது என்பது கிரிஃபித்ஸின் வாதம். கோல்ட்பர்கின் கதையைப் பார்த்தால், அந்த வாதத்தை நான் உடனே தள்ளிவிட முடியாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஆட்களைத் தரம் பிரிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது அடோபோ சமையலறையின் மூன்று நிலைகளை: எல்லைக்கோடு, தீவிரம், நாள்பட்டது. மூன்று படம் என்ற கணக்கு எந்த மருத்துவமனையிலும் நோயாளிகளைப் பார்த்து வந்ததில்லை. சிரிப்பு வருவதற்காக ஒருவர் போட்ட எண். ஏன் இரண்டு இல்லை, ஏன் ஐந்து இல்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. கேலி செய்தவன் வைத்துவிட்டுப் போன கோலை எடுத்து ஆளை அளந்திருக்கிறார்கள். செய்திகளில் வந்த முடிவு இது: எல்லைக்கோட்டில் 34 சதவீதம், தீவிரம் 40.5, நாள்பட்டது 25.5. கூட்டிப் பாருங்கள். சரியாக 100. ஒன்றும் இல்லாதவன் என்று எழுத அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை.

2017 டிசம்பரில் தலைப்புகள் பறந்தன: செல்ஃபைடிஸ் உண்மையான மனநோய், உளவியலாளர்கள் உறுதி. இந்த முறை பத்திரிகைகளைத் திட்ட முடியாது. தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் நிஜப் பேராசிரியர்களே எடுத்துப் பேசியிருப்பார்கள். 2014-ல் ஏமாந்தவர்கள் 2017-ல், 'அப்போதே சொன்னோம் பார்த்தீர்களா' என்று நிமிர்ந்து உட்காரவும் வழி பிறந்தது. இங்கிலாந்தின் மனநல மருத்துவர் கல்லூரியைச் சேர்ந்த மார்க் சால்டர் எச்சரித்தார்: சிக்கலான மனிதப் பழக்கங்களுக்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பெயர் வைப்பது ஆபத்து, பெயர் வைத்ததாலேயே இல்லாத ஒன்று இருப்பதாகிவிடும் என்று. அவர் சொன்னது கட்டுரையின் வாலில் ஒரு பத்தியாக வந்தது. வாலை யாரும் படிப்பதில்லை என்று முன்பே சொன்னேன்.

அறிவியல் நிஜத்தில் எப்படிப் பேசும் என்பதை இதே மணப்பாடு இரண்டு முறை பார்த்திருக்கிறது. 1973 ஜனவரி 14-ல் இந்தக் கரையோரம் 147 பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. 2016 ஜனவரியில், மறுபடியும் பொங்கலை ஒட்டி, மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கரைகளில் 80-க்கும் மேற்பட்டவை. மீனவர்கள் படகில் இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டார்கள். விட்டவை திரும்பிக் கரைக்கே வந்தன. பாதிக்கு மேல் செத்தன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அளந்தார்கள், எழுதி வைத்தார்கள். முன்னால் போவது வழி தவறினால் பின்னால் வருவதெல்லாம் அதன் பின்னாலேயே கரையேறும் சாதி அது என்கிறார்கள். (செய்தித் தளங்களைப் பற்றி நான் பேசவில்லை.) ஆனால் முன்னால் போனது ஏன் தவறியது? ஒரே ஒரு காரணத்தை உறுதியாகச் சொல்ல 43 வருட இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளும் போதவில்லை. வேலியேற்றம், கடலடிச் சத்தம், நோய் என்று 'இருக்கலாம்' போட்ட வாக்கியங்கள்தான். அதில் மூன்று நிலை கிடையாது, கவர்ச்சியான பெயர் கிடையாது. திமிங்கிலங்களைப் புதைத்து முடித்ததும் செய்தியும் முடிந்துவிட்டது.

செல்ஃபைடிஸ் உலகச் செய்தியாக ஓடிய அதே 2017 டிசம்பரில், இங்கிருந்து தெற்கே கன்னியாகுமரிக் கடற்கரையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் அடக்கம் செய்யவும் முடியாமல், செத்துவிட்டதாகச் சொல்லவும் வாய் வராமல், பெண்கள் மாதக்கணக்கில் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டு வீடுகளுக்கும் அந்தக் காத்திருப்பு புதிதில்லை. கடல் தொழில் செய்யும் ஊரில் எல்லாத் தலைமுறைக்கும் ஒரு திரும்பாத படகு உண்டு.

2022 மார்ச்சில் டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பின் திருத்தம் வெளியானது. பல வருட ஆய்வுக்கும் அதே அளவு சண்டைக்கும் பிறகு அதில் ஒரு நோயைப் புதிதாகச் சேர்த்தார்கள்: நீடித்த துயரக் கோளாறு. நெருங்கியவர் இறந்து குறைந்தது 12 மாதம் கழித்தும் துக்கம் தணியாமல், கிட்டத்தட்ட தினமும் ஆளை முடக்கிப்போடுவது. துக்கத்தை நோய் என்று சொல்லலாமா என்று இன்றும் கேட்கிறார்கள்.

அந்தப் பதிப்பின் நோய்ப் பட்டியலில் செல்ஃபைடிஸ் இல்லை.